அச்சுல போட்டுருக்குல்ல!

…கதவக் கேக்குது தம்பி, கதவ! வீட்ட விக்கிறவுக, முன்வாசக் கதவு மட்டும் எனக்கு வேணும்னு சொன்னா நான் என்ன செய்ய? அவுக மாமனாரு ஆசையாப் போட்ட கதவாம். "சரிம்மா, கதவக் களட்டிக்கிட்டுப் போயிட்டீகன்னா வாசல்ல நான் எதத் தொங்கவிட, சாக்கையா?"ன்னு கேட்டேன். அதுக்கு அந்தம்மா சொல்லுது, "நீங்க பிரஸ் வச்சிருக்கவுகதான, உங்ககிட்ட அட்டைக்கா பஞ்சம்?"ங்குது. இந்த ஏத்தத்த எங்க போய்ச் சொல்ல!

உக்காருங்க தம்பி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீக. அங்கன வெயிலு. இங்கன வாங்க, மேல பேன் இருக்கு. சுத்தாது. இருந்தாலும் பேனுக்குக் கீள உக்காந்த திருப்தி இருக்கும்ல.

நீங்களும் பத்திரம் பதியத்தான வந்துருக்கீக? எந்த ஊரு? …வெம்பக்கோட்டையா! அணையில தண்ணி கெடக்கா? …ஆமா, எங்க கெடக்கும், மளை பெஞ்சால்ல. டோக்கன் எத்தனாவது? அட, எனக்கு அடுத்தது நீங்கதானா! அப்ப சொந்தக்காரராயிட்டீக. ஆதார் கார்டு கையில வச்சிருக்கீகள்ல? இல்ல இல்ல, சும்மாக் கேட்டேன். ஒரு சாட்சி என் மச்சினன் வந்துருக்கான், டீ குடிக்கப் போயிருக்கான். இன்னொரு சாட்சி… சரி, அதப் பொறவு பேசிக்கிடுவோம். வட சாப்பிடுவீகளா?

என் பேரு தனுஷ்கோடி. சிவகாசியில பிரஸ்ஸு. டெய்லி காலண்டரு அடிக்கிறோம். தெனம் காலையில ஒரு தாளு கிளிப்பீகள்ல, அதுதான். கீள மெஷினு ஓடும், மாடியில நாங்க குடியிருக்கோம். நாங்கன்னா நானும் என் வீட்டுக்காரி பொன்னுத்தங்கமும். அவ பேர வச்சு ஆரம்பிச்ச தொழிலு, கொற சொல்ல முடியாது, நல்லாத்தான் போகுது. ஆனா பாருங்க, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவ படுக்குற கட்டிலு ஆடிக்கிட்டே கெடக்கு. சீசன்னா ராப்பகலா ஓட்டுவோம்ல. பாத்திரமெல்லாம் அலமாரியில டிங்கு டிங்குன்னு பேசிக்கிட்டே இருக்கும். ரசத்துல மை வாட அடிக்கும். ஒரு நா, ஒரு பொளுது, அவ வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டதில்ல.

போன தையில திருத்தங்கல்ல இந்த வீட்டப் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். பின்னால கெணறு, கெணத்தடியில ஒரு நெல்லி மரம். அங்கன போய் நின்னா. ரொம்ப நேரம் நின்னா. பொறவு என்னப் பாத்து, "ஏங்க, இங்க ஒரு சத்தமும் இல்லீங்க"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. எனக்குள்ள என்னமோ பண்ணிருச்சு தம்பி. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த வீட்ட இவளுக்கு வாங்கிக் குடுக்கல, நான் தனுஷ்கோடி இல்ல.

வீடு ரெண்டு பேரு பேர்ல இருக்கு. அம்மா லட்சுமிகாந்தம், மவன் சபரிநாதன். அந்தப் பய சிங்கப்பூர்ல வேலை பாக்கான். லீவுல வந்தவன், இன்னிக்கு ராத்திரி மதுரையில பிளேன் ஏறுறான். போனா இனி பங்குனிக்குத்தான் வருவான். ஒப்பந்தத்துக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாளு. இன்னிக்குக் கையெளுத்து விளுகலேன்னா போச்சு. அந்தப் பக்கம் ஸ்வீட்டுக் கடை ராஜபாண்டியன் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கான். பங்குனி வரைக்கும் காத்திருந்து நான் வாங்கிக்கிடுதேங்கிறான். வீட்ட வாங்கி என்ன பண்ணப் போறான்னு நெனைக்கீக? காராச்சேவு பொரிக்கிற குடோனு! பொன்னு நின்ன எடத்துல எண்ணெக் கொப்பரை வைப்பான் தம்பி. 

…என்னது? முன்னாலயே முடிச்சிருக்கலாம்ல்லங்கீகளா? நல்லாக் கேட்டீக. சபரிநாதன் ஆடி மாசமே முடிச்சிருவோம்னு சொன்னான். ஆடியில எவனாவது வீடு வாங்குவானா? நான் முடியவே முடியாதுன்னுட்டேன். ஆவணி பொறந்துச்சு, பாத்தா எனக்கு சந்திராஷ்டமம். அந்த நேரத்துல போய்க் கையெளுத்துப் போடச் சொல்றீகளா? பொறவு அவுக சொன்ன நாளு என் நச்சத்திரத்துக்கு ஆகல. எனக்கு இந்த மூடப் பளக்கமெல்லாம் கெடையாது தம்பி, நான் நாலு எடம் போய் வந்தவன். ஆனா வீடுன்னு வரும்போது பாக்கணும்ல? கடைசியில ஜோசியரு குறிச்சுக் குடுத்தாரு, இன்னிக்குப் புதன்கிளமை, வளர்பிறை முகூர்த்தம், அதுலயும் குளிகை. குளிகையில ஒரு காரியம் பண்ணா திரும்பத் திரும்ப நடக்கும்பாக. ஒரு வீடு வாங்குனா இன்னும் நாலு வாங்குவோம்.

ஒளுங்கா நடந்துருச்சா? இல்லியே! போன வாரம் பத்திர நகல வாங்கிப் பாக்கேன், எளுதுறவரு கிளக்கையும் மேக்கையும் மாத்திப் போட்டுருக்காரு. அடுத்த வீட்டுக்காரன் கக்கூஸ் எனக்கு வந்துருச்சு, என் கெணறு அவனுக்குப் போயிருச்சு! "என்னய்யா இது?"ன்னா, "பளைய பத்திரத்தப் பாத்து அப்பிடியே அடிச்சேன் அண்ணாச்சி, உள்ள வாசிச்சுப் பாக்கல"ங்காரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒன்னு முன்னால பின்னால மாறுனா குடும்பமே மாறிப் போகும்ல? உள்ள இருக்கத வாசிக்காம எப்பிடிய்யா ஒரு மனுசன் வெளிய விடுவான்? பொறுப்பு வேண்டாம்?

அது முடிஞ்சா ஆதாரு. சபரிநாதன்ங்கிற பேரு ஆதார்ல சபரிநாகன்னு இருக்கு. புஸ்ஸுன்னு சீறுது. அதத் திருத்துறதுக்கு ஒரு நா போச்சு. பொறவு இந்தக் கதவு. பொறவு நெல்லிக்கா. "இந்த வருசக் காயி எனக்கு"ங்குது அந்தம்மா. எடுத்துக்கோங்கம்மா, ஊறுகா போட்டு எனக்கும் ஒரு பாட்டில் குடுங்கன்னு அதுக்கும் தலையாட்டியாச்சு. எல்லாத்துக்கும் ஆட்டுனேன் தம்பி. தலை மட்டும்தான் களண்டு விளல.

இன்னிக்குக் காலையில குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, பொன்னு புதுச் சேலை உடுத்தி, மச்சினனக் கூட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கோம், போன் வருது. "நாங்க வரலீங்க"ங்குது அந்தம்மா. ஏம்மான்னா… சிரிக்காதீக தம்பி… "எங்க வீட்டுக் காலண்டர்ல இன்னிக்குக் கரிநாள்னு போட்டுருக்கு"ங்குது.

கரிநாளு! ஒரு நல்ல காரியமும் தொடங்கக் கூடாத நாளு! கரிநாளு நேத்துல்லா? நேத்து செவ்வாக்கிளமை கரிநாளு, இன்னிக்கு முகூர்த்தம். பச்சப்புள்ளைக்கும் தெரியும். அந்தம்மா மாத்திச் சொல்லுது, நேத்து முகூர்த்தமாம், இன்னிக்குக் கரிநாளாம். இதுல பாருங்க, நேத்து காலையிலேயே போன் போட்டு, "இன்னிக்கே முடிச்சிருவமா, நல்ல நாளாத்தான இருக்கு?"ன்னு கேட்டுச்சு. நாந்தான், என்னம்மா கரிநாளும் அதுவுமான்னு வெடுக்குன்னு போன வச்சுட்டேன். செவ்வாக்கிளமையில எவனாவது முகூர்த்தம் போடுவானா தம்பி? அது கூடத் தெரியாத மடையன் எவனோ அடிச்ச காலண்டரு. அதத் தூக்கிச் சொவத்துல மாட்டிக்கிட்டு என் உயிர எடுக்காக.

பொன்ன ஆட்டோவுல ஏத்தி அந்த வீட்டுக்கே அனுப்பிருக்கேன், கால்ல விளுந்தாவது கூட்டிட்டு வாட்டின்னு. அவ பேசுனா கல்லும் கரையும். பாப்போம்.

ஆமா, உங்க பார்ட்டி எங்க? காணோமே? …அவுகளும் வரலியா! எந்த ஊரு? …எம். புதுப்பட்டி பெத்தணனா. என்னவாம்? …"இன்னிக்கு வேண்டாம்னு வீட்ல சொல்றாக"ன்னாரா. ஏன்னு சொல்லலியா? கேளுங்க தம்பி, விடாதீக. இப்பிடித்தான் ஆளாளுக்கு ஒரு நொண்டிச் சாக்கு. வேணும்னா பாருங்க, முகூர்த்த நாளுன்னு கவர்மெண்டே கூடக் கொஞ்சம் டோக்கன் விட்டுருக்கு. மத்த முகூர்த்தத்துக்கு இந்த வராந்தாவுல கால் வைக்க முடியாது, ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்திருப்பான். இன்னிக்கு ஈயாடுது. என்னன்னே தெரியல. ஊருக்குள்ள காசு பணப் பொளக்கம் கொறஞ்சு போச்சோ என்னவோ.

…எங்க காலண்டரா? நான் எதப் பாத்து நாளு குறிச்சேன்னா கேக்கீக? ஐயையோ, நான் எங்க காலண்டரெல்லாம் பாக்குறதில்ல தம்பி! ஜோசியரு பஞ்சாங்கத்த வச்சுக் குறிச்சது. வெடிக் கம்பெனி வச்சிருக்கவன் நடுவீட்டுல உக்காந்தா சரவெடி கொளுத்துவான்? தொழிலு வேற, குடும்பம் வேற.

தொழில் ரகசியம் சொல்றேன், வெளிய விட்றாதீக. காலண்டர்ங்கிறது மூணே விசயந்தான். சாமி மொகம் லட்சணமா இருக்கணும். கடைப் பேரு பெருசா இருக்கணும். போன் நம்பரு சரியா இருக்கணும். போன் நம்பரு தப்புனாத்தான் கடைக்காரன் சண்டைக்கு வருவான். உள்ள இருக்கதெல்லாம் யாரு பாக்கா? முன்னால ப்ரூஃப் பாக்குறதுக்கு ரிட்டயரான வாத்தியாரு ஒருத்தரு வந்துக்கிட்டிருந்தாரு. ஒவ்வொரு தாளா எடுத்து, பஞ்சாங்கத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நகத்தால கோடு போட்டு… அவரு ஒரு மாசத்த முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிரும். வெளிய லோடு ஏத்த வண்டி நிக்கும், இவரு உள்ள "இந்தத் திதி எத்தன மணி வரைக்கும்?"பாரு. போதும் சாமின்னு நிப்பாட்டிட்டேன். நானே பாத்துருவேன். தாளத் தடவிப் பாத்தே மை சரியா விளுந்துருக்கான்னு சொல்லிருவேன் தம்பி, கண்ணாடியே வேண்டாம்.

அதவிட ஒன்னு. அச்சுல வந்துட்டா சனம் நம்பிரும். நீங்க வாயால சொல்லிப் பாருங்க, ஆயிரம் கேள்வி கேப்பான். அதையே ஒரு அட்டையில அடிச்சு, மேல ஒரு முருகன ஒட்டிக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிட்டுப் போய் ஆணி அடிச்சு மாட்டிருவான். என் அனுபவத்துல அச்ச எதுத்து ஒருத்தன் பேசி நான் பாத்ததில்ல. அந்தத் தெம்புலதான இந்தத் தொழிலே ஓடுது!

இருங்க, போனு… பொன்னுதான். ஆங், சொல்லு… என்னங்குது? வர மாட்டேங்குதா?… அட, நீ அளாதத்தா. அளாத. நான் இருக்கேன்ல… சரி, ஒன்னு பண்ணு. அந்தக் காலண்டர ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஆமா, இன்னிக்குத் தாளு, முளு அட்டையும் தெரியணும்… அடிச்சவன் பேரு கீள பொடி எளுத்துல இருக்கும், அதுவும் தெரியுற மாதிரி எடு. வையி.

அளுகுறா தம்பி. எனக்குத் தாங்கல. இம்புட்டு வருசத்துல அவ அளுது நான் பாத்தது ரெண்டே தடவ. அவ அப்பா போனப்ப ஒருக்கா, எங்களுக்குப் புள்ள இல்லைன்னு டாக்டர் சொன்னப்ப ஒருக்கா. இன்னிக்கு ஒரு காலண்டருக்காக அள வச்சுட்டானே, யாரோ ஒரு கட்டையில போறவன்! அந்த பிரஸ்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், கட்டிங் மெஷின்ல அவன் கைய விடுறேன். செவ்வாக்கிளமை முகூர்த்தமாம்! இவனையெல்லாம் வச்சு ஒரு பொம்பள எப்பிடித்தான் குடும்பம் நடத்துறாளோ!

வந்துருச்சு, போட்டோ வந்துருச்சு. இந்தாங்க, நீங்க பாருங்க தம்பி, நான் கண்ணாடிய மெஷின் மேலயே வச்சுட்டு வந்துட்டேன். எந்தக் கடைக் காலண்டரு? …ராஜபாண்டியன் ஸ்வீட்ஸா! பாத்தீகளா, பாத்தீகளா! நான் சொல்லல? இது சதி தம்பி. வேணும்னே கரிநாளப் போட்டு அந்தம்மா வீட்டுல மாட்டிருக்கான். வீட்டத் தட்டிப் பறிக்கிறதுக்குப் போன வருசமே திட்டம் போட்டுருக்கான் பாருங்க. காராச்சேவு விக்கிறவனுக்கு எம்புட்டு மூளை!

கீள பாருங்க. இன்னும் கீள. அடிச்சவன் பேரு இருக்கும். ரெண்டு வெரல வச்சுப் பெருசாக்குங்க. அவன் மேல கேஸ் போடாம விட மாட்டேன். வாசிங்க தம்பி… "பொ"வா? ம், பொ… அப்புறம்?… ன்… னு…

…

திருப்பி வாசிங்க.

…இல்ல தம்பி, நீங்க சரியாத்தான் வாசிக்கீக. குடுங்க போன. கண்ணாடி இல்லாமலே தெரியுது. அந்த "பொ"வுக்கு முன்னால கொம்பு மயில் களுத்து மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. நாந்தான் அப்பிடி வரையச் சொன்னேன். பொன்னுத்தங்கம் ஆப்செட். எங்க பிரஸ்ஸுதான்.

ராஜபாண்டியன் ஆர்டரு… ஆமா, போன மார்களியில கடைசி நேரத்துல குடுத்தான். ஜிலேபித் தட்டுக்கு மேல முருகன் நிக்கணும்னான். வேலு நுனி ஜிலேபியில படுதுன்னு படத்த மட்டும் நாலு தடவ மாத்துனேன். போன் நம்பர ஏளு தடவ பாத்தேன். உள்ள… உள்ள நான் பாக்கல தம்பி. ஒரு தாளும் பாக்கல. செவ்வாக்கிளமைத் தாள்ல வரவேண்டியதும் புதன்கிளமைத் தாள்ல வரவேண்டியதும் ஒன்னுக்கொன்னு இடம் மாறி அப்பிடியே ஓடிருக்கு.

உங்க பெத்தணன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க, அங்க சொவத்துல என்ன காலண்டருன்னு. கேளுங்க… ஜிலேபி மேல முருகனா? எம். புதுப்பட்டி வரைக்கும் போயிருக்கா! நல்லாத்தான் சப்ளை பண்ணிருக்கோம்… அய்யோ, நான் என்ன பெருமை பேசிக்கிட்டிருக்கேன். அப்ப இந்த வராந்தா ஈயாடுறது… காசு பணப் பொளக்கம் இல்லாம இல்ல. அம்புட்டுப் பேரையும் வீட்டோட உக்கார வச்சது நாந்தான்.

சத்தமாப் பேசாதீக தம்பி, அந்த சன்னலுக்கு அங்கிட்டு ஸ்டாம்பு விக்கிறவரு இருக்காரு, ஊரெல்லாம் ஊதிருவாரு. இப்பத்தான் ஆடிப்பெருக்குக்குக் காலண்டரு மாடலெல்லாம் வச்சுப் புது ஆல்பம் போட்டோம். அடுத்த வருச ஆர்டரு வர்ற நேரம். "தனுஷ்கோடி கரிநாள முகூர்த்தமா அடிச்சவன்"னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா, ஒரு பெட்டிக்கடைக்காரன் கூட என் வாசப்படி மிதிக்க மாட்டான். தொழிலே போயிரும். என்ன செய்ய? சொல்லுங்க. நான் வாயத் தொறக்கலேன்னா வீடு போகும். தொறந்தா பிரஸ்ஸு போகும்.

…பொன்னு அளுதா தம்பி. நான் கேட்டேன்ல, நீங்களும் கேட்டீகள்ல.

போகட்டும். மயிரே போச்சு. பேசுறேன். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கூட இருங்க.

பொன்னு, போன அந்தம்மாகிட்டக் குடு… அம்மா, நாந்தான் தனுஷ்கோடி. ஒரு உண்மையச் சொல்றேன், காது குடுத்துக் கேளுங்க. அந்தக் காலண்டரு தப்பும்மா… எப்பிடித் தெரியும்னா… அத அடிச்சதே நாந்தாம்மா. எங்க பிரஸ்ஸு. கீள பாருங்க, என் வீட்டுக்காரி பேரு போட்டுருக்கும். நாந்தான் ப்ரூஃப் பாக்காம ஓட்டிட்டேன். சத்தியமா… எங்க குலசாமி மேல சத்தியமா இன்னிக்கு நல்ல நாளும்மா, கரிநாளு நேத்தே போயிருச்சு…

என்னம்மா?… அச்சுல போட்டுருக்குல்லங்கீகளா? ஆமாம்மா, அச்சுலதான் போட்டுருக்கு, நாந்தான் போட்டேன், அதத்தான் தப்புங்குறேன்… வீட்ட வாங்குறதுக்காகப் பொய் சொல்றேனா? என் வாயால என் தொழிலக் கெடுத்துக்கிட்டு எதுக்கும்மா பொய் சொல்லப் போறேன்!… அச்சுல வந்தது எப்பிடித் தப்பாகும்னா… ஆகும்மா, நல்லா ஆகும்… ஜோசியருகிட்ட வேணும்னா பேசுங்க… அவரு வாயில சொல்றது, இது அச்சுல வந்ததா? சரி, போன்ல பஞ்சாங்கம் பாருங்க, உங்க மவன் பாத்துச் சொல்லட்டும்… போன்ல வர்றது வெளிநாட்டுக்காரன் போட்டதா? சரிம்மா, பக்கத்து வீட்டுக் காலண்டரப் பாருங்க… பாத்துட்டீகளா?… எதுத்த வீட்டுலயும்?… அதுலயும் கரிநாளுதான் போட்டுருக்கா…

தெரு முளுக்க ராஜபாண்டியன் குடுத்துருக்கான் தம்பி. ஆளுக்கு ஒரு தாளக் கிளிச்சுக்கிட்டு வந்து அந்தம்மா வீட்டு வாசல்ல நிக்காகளாம், சாட்சிக்கு. அம்புட்டும் நான் அடிச்சது.

அம்மா… அம்மா, வச்சுராதீக… "சாமி விசயத்துல பிரஸ்காரகளுக்கு என்ன தெரியும்"ன்னுட்டு வச்சுட்டாக.

…

பொன்னுதான் திரும்பக் கூப்புடுறா. என்னன்னு பேச? …ம், கேக்குது… கேட்டுக்கிட்டுத்தான இருந்த… நம்ம காலண்டருதான், ஆமா… ராஜபாண்டியன் வந்துட்டானா அங்க? என்ன கையில? …ஸ்வீட்டு டப்பாவா… நீ ஏதாவது திட்டேன். திட்டிரு, பொன்னு, பரவால்ல… என்னது?…

சரி. சரித்தா. பாத்து வா.

திட்டல தம்பி. "விடுங்க, எனக்கும் அந்த மெஷினு சத்தம் இல்லேன்னா தூக்கம் புடிக்காது"ங்குறா. திட்டியிருந்தாக் கூடத் தாங்கிருப்பேன். நெல்லி மரத்தடியில நின்னுக்கிட்டுத்தான் பேசுறா போல, குருவிச் சத்தம் கேட்டுச்சு. வேறொரு சத்தமும் இல்ல.

தம்பி?… எங்க போயிட்டீக? இவரும் நளுவிட்டாரா. போகட்டும், எம்புட்டு நேரந்தான் ஒரு மனுசன் என் பேச்சக் கேப்பாரு. வடைய வச்சுட்டுப் போயிட்டாரு பாவம்…

அட, வந்துட்டீகளா! போன் பேசவா போனீக? …என்னது, பெத்தணன் வாராரா? என்ன சொன்னீக அவருகிட்ட? …"காலண்டர அடிச்ச ஆளே பக்கத்துல உக்காந்து தப்புன்னு சொல்றாரு"ன்னா! ஒடனே நம்பிட்டாரா? …ஓ, எனக்கு அதுல லாபம் ஒன்னுமில்லைங்கிறதால நம்பிட்டாராக்கும். ராகு காலம் களிச்சு வந்துருவாரா… நல்லது தம்பி. ரொம்ப நல்லது. ஒரு வீடாவது கூடட்டும். உங்க வீட்டுல சத்தம் கித்தம் உண்டா? …ஆட்டுக்குட்டி கத்துமா? அது நல்ல சத்தந்தான்.

சாட்சியா? நானா? …ஆமா, நான் உங்களத்தான் சாட்சிக்குப் புடிச்சு வச்சிருந்தேன், ஆதார் கார்டெல்லாம் அதுக்குத்தான் கேட்டேன், தப்பா நெனைக்காதீக. சரி, வாரேன். பட்டு வேட்டி கட்டிட்டு வந்ததுக்கு யாரு வீட்டுக்காவது ஒரு கையெளுத்துப் போட்டுட்டுப் போறேன். மச்சினனும் வருவான், ரெண்டு சாட்சியும் ஆச்சு.

எளுதிக்கோங்க. பேரு தனுஷ்கோடி. ஊரு சிவகாசி. தொழிலா? …வியாபாரம்னு போடச் சொல்லுங்க தம்பி, போதும். பிரஸ்ஸுன்னு போட்றாதீக.

இருங்க, பேனாவக் குடுக்காதீக. அந்தப் பத்திரத்த மொதல்ல இருந்து எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. கிளக்கு எது, மேக்கு எது, தேதி, கிளமை… அவசரமில்ல, மெதுவா வாசிங்க. உள்ள இருக்கதெல்லாம் வாசிங்க.